கீறாங்களா

மூன்றாம் சனிக்கிழமை. சத்துவாச்சாரியில்
தையற்கடைக்கு மேலே ஒரு மொட்டைமாடி.
நாற்காலி இருபத்திரண்டு, வந்தவர்கள் பதினாறு,
அதில் இரண்டு பேர்
வீட்டில் ஃபேன் ரிப்பேர் என்று காற்றுக்கு வந்தவர்கள்.

கொடியில் யாரோ மறந்துபோன பள்ளிச் சீருடை
படம் விழும் வேட்டியின் ஓரத்தில் நிழலாட
பர்வீன் தாஜ் பேசத் தொடங்கினார்.
ஜவ்வாது மலைமேல் காவலூரில்
ஆறு வருடம் ராத்திரி வேலை பார்த்தவர்.
டியூப்லைட்டைக் கண்டால் இப்போதும் கண்ணைச் சுருக்குவார்.

நான் ஆம்பூர். ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவன்.
பறக்கும் தட்டு பற்றிக் கேட்கலாம் என்று
ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன்.

தட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
நாற்பது ஒளியாண்டு தள்ளி ஒரு மங்கல் சூரியன்.
அதன் முன்னால் கடுகாக ஒரு கிரகம் கடக்கும்போது
வெளிச்சம் ஒரு இழை குறைவதையும்,
கடுகைச் சுற்றிக் காற்று இருந்தால்
அதற்குள் புகுந்து வரும் ஒளியில்
சில நிறங்கள் காணாமல் போவதையும்
ரேஷன் கடையில் எடை குறைந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

வேட்டியில் ஒரு வானவில் விழுந்தது.
வளையவில்லை, படுத்துக் கிடந்தது.
குறுக்கே கறுப்புக் கோடுகள்,
பிளேடு பட்டது போல.

நாற்காலி வாடகை வாங்க வந்து
படிக்கட்டிலேயே நின்றுவிட்ட பூங்காவனம் கேட்டார்:
"அதெல்லாம் சரிம்மா,
அங்க கீறாங்களா, இல்லியா?
அத்தச் சொல்லு."

சிரித்தோம். பர்வீன் தாஜ் சிரிக்கவில்லை.
கோட்டைத் தொட்டுக் காட்டினார்.
"எங்களுக்குக் கிடைச்சது இவ்வளவுதான். கீறல்.
கீறாங்களான்னு தெரியல.
கீறல் கீது."

கோயமுத்தூரில் ஒரு இன்டர்வியூ.
அப்பா இருக்கிறாரா என்றார்கள்.
கீறாரு, என்றேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.
அன்றிலிருந்து துடைத்துத் துடைத்துத்தான் பேசுகிறேன்.

பிறகு வாயுக்கள்.
ஆக்சிஜனும் மீத்தேனும்
ஒரே வீட்டில் ரொம்ப நாள் குடியிருக்காதாம்.
இரண்டும் சேர்ந்து தெரிந்தால்
யாரோ புதிதாக விட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று
சந்தேகப்படலாமாம்.
"யாரோன்னா ஆள் இல்ல. சேறு, பாசி,
மாட்டு வயித்துல இருக்கிற மாதிரி ஏதோ."
சந்தேகம்தான், என்றார் மூன்று தடவை.
எரிமலையும் ஏமாற்றுமாம்.

நான் கை தூக்கினேன்.
"அப்ப மேடம், இது
தூரத்துலேர்ந்து மோந்து பார்க்கிறதுதானே?"

ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் சொல்லிவிடுவேன்.
சுண்ணாம்பில் ஊறும் தோல்,
அழுகின முட்டையாக ஒரு வீச்சம்,
அதை ஒட்டியே, இடைவெளி இல்லாமல்
பிரியாணிக்கு தம் போட்ட வாசனை.
எதிர் சீட்காரர் கைக்குட்டையை எடுப்பார்.
நான் பையை எடுப்பேன்.

பர்வீன் தாஜ் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"எல்லாம் அடங்கிப்போன காத்துன்னா
அங்க தேட ஒண்ணுமில்ல" என்றார்.
"மணக்கணும்னு இல்ல. நாறினாலும் போதும்."

கடைசி பஸ். ஜன்னலோரம்.
பள்ளிகொண்டா தாண்டி இருட்டில் எங்கோ பாலாறு,
தண்ணீர் இருந்ததற்கான அடையாளங்களோடு.
செவ்வாயில் இதைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

நாற்பது வருடம், என்று கணக்குப் போட்டேன்.
அங்கே எவராவது இந்நேரம்
இந்தப் பக்கம் மூக்கை நீட்டினால்
கிடைப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய காற்று.
அந்தக் காற்றில் பேரணாம்பட்டு ரோட்டுத் தொட்டியில்
முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஒருத்தர் தோலைப் புரட்டுகிறார்.
கால் விரலிடுக்கு வெந்திருக்கிறது. பீடி கேட்கிறார்.

அங்கேயிருந்து பார்த்தால்
அப்பா கீறாரு.

மாதனூரில் போன் அடித்தது.
"எங்க கீறே?"
"வந்துனே கீறேன்," என்றேன்,
பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.